மெடிக்கல் கார்டு: வச்சுக்கறதா, மாத்தறதா, விட்டுடறதா? லிமிட்டை விடுங்க, யாரு பதில் சொல்றாங்கன்னு பாருங்க

மலேசியாவுல, பேராக் சுங்கை சிப்புட் பக்கம் இப்ப யாரு வீட்டுக்குப் போனாலும் பேச்சு கடைசில மெடிக்கல் கார்டுலதான், அதாவது ஆஸ்பத்திரி செலவைக் கட்டற இன்சூரன்ஸ்லதான், வந்து நிக்குது. பிரிமியம் ஏறுதுன்னு லெட்டர் வந்திருக்கும், ஏஜெண்ட் வேற பிளானுக்கு மாறிக்கங்கன்னு சொல்லிருப்பாரு, வீட்டுல பெரியவங்க எதுக்கு இந்தக் காசு, கவர்மெண்ட் ஆஸ்பத்திரி இல்லையான்னு கேட்டிருப்பாங்க. மூணு பேர் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு, அதுதான் தொல்லை.

நம்ம ஆளுங்க ரெண்டு கார்டை பக்கத்துல பக்கத்துல வச்சா முதல்ல பாக்குறது வருஷ லிமிட், அதாவது ஒரு வருஷத்துல கம்பெனி அதிகபட்சமா கட்டற தொகை. இது ஒரு மில்லியன், அது ரெண்டு மில்லியன், அப்புறம் ரூமுக்கு நாளைக்கு எத்தனை வெள்ளி (ரிங்கிட்). ஏஜெண்ட் காட்டுற பேப்பர்லயும் அதுதான் பெரிய எழுத்துல இருக்கும். என்னைக் கேட்டா அது ரெண்டும் கடைசியா பாக்க வேண்டியது. லிமிட் பத்தாம கஷ்டப்பட்டவங்களை நான் அதிகம் பாத்ததில்ல, பிரிமியம் கட்ட முடியாம கார்டு லாப்ஸ் ஆனவங்க, அட்மிட் ஆகப்போன அன்னைக்கு கம்பெனி லெட்டர் வராம கவுண்டர்ல நின்னவங்க, இவங்கதான் நிறைய. அதனால முதல்ல கேக்க வேண்டியது வேற: இந்த பிளான் சொன்னபடி நடக்குதான்னு எதை வச்சு அளக்கறது, நடக்கலன்னா யாரு யாருக்கு பதில் சொல்லணும்.

இப்படி அளக்கறது புதுசு ஒண்ணும் இல்ல. அமெரிக்காவுல என்சிக்யூஏன்னு ஒரு அமைப்பு 1990ல ஆரம்பிச்சாங்க, அவங்க ஹீடிஸ்னு ஒரு அளவுகோல் வச்சிருக்காங்க. அதுல இன்சூரன்ஸ் பிளானை பாத்து கேக்குற கேள்வி எத்தனை பில்லு கட்டினேன்னு மட்டும் இல்ல, உன்கிட்ட இருக்குற சுகர்காரங்கள்ல எத்தனை பேருக்கு சுகர் கட்டுக்குள்ள இருக்கு, பிரஷர்காரங்களுக்கு பிரஷர் இறங்கிச்சா, பொம்பளைங்க எத்தனை பேர் மார்பகப் புற்றுநோய் டெஸ்ட் எடுத்தாங்க, இப்படி. அங்க வயசானவங்களுக்கு இருக்குற மெடிகேர் பிளான்களுக்கு 1ல இருந்து 5 வரைக்கும் ஸ்டார் போட்டு வருஷா வருஷம் வெளியிடறாங்க. இன்னொண்ணு, 2010ல ஒபாமா கொண்டு வந்த சட்டத்துல, வாங்குற பிரிமியத்துல 100க்கு 80, பெரிய கம்பெனி குரூப்புன்னா 85, வைத்தியத்துக்கும் அதோட தரத்தை உயர்த்தறதுக்கும் போயிருக்கணும், போகலன்னா மிச்சத்தை திருப்பிக் கொடுக்கணும்னு இருக்கு. அதுக்காக அமெரிக்கா சிஸ்டம் நல்லதுன்னு சொல்ல வரல, அங்க ஆஸ்பத்திரி பில்லுல வீடு போனவங்க கதை எல்லாருக்கும் தெரியும், ஆனா அளக்குற விஷயத்துல நாம எடுத்துக்க வேண்டியது இருக்கு.

இந்தியாவுல இன்சூரன்ஸ் கம்பெனிகளை கண்காணிக்கற ஐஆர்டிஏஐ வருஷா வருஷம் எந்த கம்பெனி பிரிமியத்துல எத்தனை பங்கு கிளெய்முக்கு கொடுத்திச்சுன்னு போடுது. ஊர்ல சொந்தக்காரங்க இருந்தா அவங்க இன்னொரு நம்பரை, செட்டில்மெண்ட் ரேஷியோ, அதாவது 100 கிளெய்ம்ல எத்தனைக்கு காசு கொடுத்தாங்கங்கறதை, 95ன்னு பெருமையா சொல்வாங்க. அங்க ஒரு ஏமாத்து வேலை ஒளிஞ்சிருக்கு. 100 கிளெய்ம்ல 95 சின்னச் சின்ன பில்லு, டெங்கி காய்ச்சல், வயித்துப்போக்கு, அதையெல்லாம் கட்டிட்டு, பெரிய பில்லு 5ஐ தள்ளி விட்டாலும் 95 தான் வரும். அந்த நம்பர்ல எத்தனை பேருக்கு கொடுத்தாங்கன்னு தெரியுது, எவ்வளவு காசை மறுத்தாங்கன்னு தெரியல.

பிரிமியத்துல எத்தனை பங்கு வைத்தியத்துக்கு போச்சுங்கறதும் ரெண்டு பக்கம் வெட்டும். 100 வெள்ளி வாங்கி 50 தான் வைத்தியத்துக்கு போகுதுன்னா நம்ம காசு கமிஷன்லயும் ஆபீஸ் செலவுலயும் லாபத்துலயும் போகுது. 100 வாங்கி 100க்கும் மேல போகுதுன்னா இந்த வருஷம் நமக்கு சந்தோஷம், ஆனா அடுத்த லெட்டர் எப்ப வரும்னு எண்ணிக்கிட்டு இருக்க வேண்டியதுதான், ஏன்னா நம்ம நாட்டு கார்டு எல்லாமே பிரிமியத்தை ஏத்த கம்பெனிக்கு உரிமை இருக்குன்னு சின்ன எழுத்துல போட்டுதான் விக்கறாங்க. இங்க நடந்ததும் அதுதான். 2021ல இருந்து 2023 வரைக்கும் கிளெய்ம் செலவு மொத்தமா 56% ஏறிச்சுன்னு நம்ம மத்திய வங்கி பேங்க் நெகாராவே சொன்னுச்சு. 2024 கடைசில சில பேருக்கு 40, 70%னு லெட்டர் வந்து நாடே கத்துனதுக்கு அப்புறம், டிசம்பர் 20ம் தேதி பேங்க் நெகாரா சில கட்டுப்பாடு போட்டுச்சு: ஏத்தறதை குறைஞ்சது 3 வருஷத்துக்கு பரப்பணும், 2026 முடியற வரைக்கும் 80% பேருக்காவது வருஷ ஏத்தம் 10%க்கு கீழ இருக்கணும், 60 வயசும் அதுக்கு மேலயும் இருந்து மினிமம் பிளான்ல, அதாவது இருக்கறதுலயே சின்ன பிளான்ல, இருக்கறவங்களுக்கு ஒரு வருஷம் ஏத்தக்கூடாது. பரப்பணும்னுதான் சொன்னாங்க, ஏத்தாதேன்னு சொல்லல. மாசம் 200 வெள்ளி கட்டறவருக்கு வருஷம் 10% ஏறினா பத்து வருஷத்துல 500 தாண்டிடும். குறைஞ்சபட்ச சம்பளம் 2025 பிப்ரவரில 1,700 ஆச்சு, அந்த சம்பளத்துல ஒருத்தர் கார்டுக்கு 300 கட்டினாலே ஆறுல ஒரு பங்கு போச்சு. அதை வச்சு பாருங்க.

சரி, நம்ம முன்னாடி இருக்குறது நாலு வழி.

முதல் வழி, இருக்குற கார்டை அப்படியே வச்சுக்கறது. நம்ம பக்கம் நான் பாத்த கார்டுல பாதிக்கு மேல இன்வெஸ்ட்மெண்ட் லிங்க்ட், அதாவது முதலீடும் சேந்த, பாலிசியோட ஒட்டி வாங்கினது. இதுல ஒரு விஷயம் நிறைய பேருக்கு விளங்கறதில்ல, மாசம் நாம கட்டற காசு முதலீட்டு ஃபண்ட் யூனிட்டா மாறுது, அந்த யூனிட்டுல இருந்து மாசா மாசம் இன்சூரன்ஸ் சார்ஜ் வெட்டறாங்க, வயசு ஏற ஏற வெட்டறது பெருசாகுது, நாம கட்டறது மட்டும் அதே காசு, ஒரு கட்டத்துல வெட்டறது கட்டறதை தாண்டிடும், அப்புறம் சேத்து வச்ச யூனிட்டை தின்ன ஆரம்பிக்கும், யூனிட் தீந்தா கார்டும் தீந்துது. வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்டேட்மெண்ட் வரும், அதை டிராயர்ல போடாம பிரிச்சு ரெண்டு நம்பரை மட்டும் பாருங்க, இந்த வருஷம் மொத்தம் எவ்வளவு சார்ஜ் வெட்டினாங்க, மிச்சம் ஃபண்ட் எவ்வளவு. இப்ப கட்டற காசுக்கு எந்த வயசு வரைக்கும் தாங்கும்னு கம்பெனிக்கிட்ட எழுத்துல கேளுங்க. ஏஜெண்ட் வாயால சொல்றது எழுத்து ஆகாது.

பழைய கார்டோட பலம் என்னன்னா, அது உங்களை நல்ல உடம்போட இருந்தப்ப ஏத்துக்கிட்டது. அதுக்கு அப்புறம் வந்த சுகர், பிரஷர், இருதயம் எல்லாம் அதுக்குள்ள வந்திடும். இதை நம்ம ஆளுங்க சாதாரணமா நினைக்கக்கூடாது, மலேசியாவுல சுகர் அதிகமா இருக்குறது இந்தியர்கள்லதான், தேசிய சுகாதார ஆய்வு ஒவ்வொண்ணும் அதைத்தான் சொல்லுது. 45 வயசுல சுகர் மாத்திரை போட்டுக்கிட்டு புது கார்டு கேட்டுப் போனா ஒண்ணு இல்லன்னு சொல்வாங்க, இல்ல சுகரையும் அது கொண்டு வர்றதையும் விட்டுட்டு மிச்சத்துக்கு கார்டு தருவாங்க. சுகர் கொண்டு வராதது என்ன இருக்கு, கண்ணு, கிட்னி, காலு, நெஞ்சு எல்லாம் போச்சு.

மாறப் போறவங்களுக்கு இன்னொரு குழி. புது கார்டுன்னா வெயிட்டிங் பீரியட் மறுபடி முதல்ல இருந்து. வழக்கமா பொதுவான நோய்க்கு 30 நாள், சில குறிப்பிட்ட நோய்க்கு 120 நாள், அந்த ரெண்டாவது லிஸ்டுல சுகர், பிரஷர், இருதயம், கட்டி, கல்லு, ஹெர்னியா, மூலம், முட்டி, முதுகு டிஸ்க் எல்லாம் வரும். எங்க பெரியம்மா மகனுக்கு பித்தப்பையில கல்லு, கார்டு எடுத்து நாலு மாசம்கூட ஆகல, ஈப்போவுல ஒரு தனியார் ஆஸ்பத்திரில கார்டை நீட்டுனா கம்பெனி முடியாதுன்னு சொல்லிருச்சு. சட்டப்படி அவங்க மேல தப்பு இல்ல, பாலிசில இருந்துச்சு. ஆனா பழைய கார்டை நிறுத்தச் சொல்லி புதுசு வித்த ஏஜெண்ட் இந்த 120 நாளை பத்தி வாயே திறக்கல, புது கார்டு ஓடற வரைக்கும் பழசை நிறுத்தாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கதையே வேற.

ரெண்டாவது வழி, கோ-பேமெண்ட் பிளான். 2024 செப்டம்பர் 1ல இருந்து இன்சூரன்ஸ், தக்காஃபுல் (இஸ்லாமிய முறை இன்சூரன்ஸ்) கம்பெனி எல்லாம் இப்படி ஒரு பிளானை கண்டிப்பா விற்பனைக்கு வைக்கணும்னு பேங்க் நெகாரா சொல்லிருச்சு, ஒண்ணு பில்லுல குறைஞ்சது 5% நாம கட்டறது, இல்ல முதல் 500 வெள்ளியாவது நாம கட்டறது, இதைத்தான் டிடக்டிபிள்னு சொல்வாங்க. கட்டாயம் இல்ல, நாம விரும்பினா எடுக்கலாம். எமர்ஜென்சி, புற்றுநோய், டயாலிசிஸ் மாதிரி தொடர்ந்து போற வெளி நோயாளி சிகிச்சை, கவர்மெண்ட் ஆஸ்பத்திரி வைத்தியம், இதுக்கெல்லாம் அந்தப் பங்கு கிடையாது. 30,000 பில்லு வந்தா 5%ன்னா 1,500 வெள்ளி. அதுக்கு உச்சவரம்பு எவ்வளவுன்னு கேட்டுக்கணும், வரம்பு இல்லாத சதவீதத்தை நான் எடுக்க மாட்டேன், சதவீதத்தை விட இத்தனை வெள்ளின்னு நிக்கற டிடக்டிபிள்தான் நம்ம மாதிரி மாசச் சம்பளக்காரங்களுக்கு நல்லது, ஏன்னா அந்தக் காசை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கலாம், பில்லு எவ்வளவு வந்தாலும் நம்ம பங்கு மாறாது. ஏஜெண்டுங்க சில பேர் இதை மட்டமான கார்டு மாதிரி பேசுவாங்க, பிரிமியம் குறைஞ்சா அவங்க கமிஷனும் குறையும்ல, நான் ஒண்ணும் சொல்லல.

முக்கியமா, மாறறதா இருந்தா முதல்ல அதே கம்பெனிக்குள்ள மாற முடியுமான்னு கேளுங்க. உடம்பு பத்தி புதுசா கேள்வி கேப்பீங்களா, வெயிட்டிங் பீரியட் மறுபடி வருமா, பழைய கார்டுல இருந்த நோய் எல்லாம் இதுலயும் இருக்கா, மூணுக்கும் பதில் லெட்டர்ல வாங்கிக்கங்க. பிரிமியம் ஏறின பிளான் வேணாங்கறவங்களுக்கு அதே விலை இல்ல அதுக்குக் குறைஞ்ச விலையில வேற பிளான் தரணும்னு 2024 டிசம்பர்ல சொன்னதுல இருக்கு. கேக்காம தானா தேடி வந்து தர மாட்டாங்க.

மூணாவது, வேலை செய்யற இடத்துல கொடுக்கற குரூப் கார்டு மட்டும் போதும்னு இருக்கறது. ஈப்போ ஃபேக்டரில, தோட்ட கம்பெனி ஆபீஸ்ல வேலை செய்யற பிள்ளைங்க நிறைய பேர் இந்த நினைப்புலதான் இருக்காங்க. காசு கட்ட வேண்டாம், உடம்பு பத்தி கேள்வியும் அதிகம் இல்ல, நல்லதுதான். ஆனா அந்த பாலிசிக்கு வாடிக்கையாளர் நீங்க இல்ல, உங்க முதலாளி. பழைய காலத்து தோட்டத்து டிரெஸர் மாதிரிதான் இது, மருந்து கொடுக்கறது நமக்கு, பதில் சொல்றது மேனேஜருக்கு, எம்சி (மருத்துவ லீவு) கொடுத்தா ஆளு குறையுதுன்னு அவருக்கு மேல இருந்து கேள்வி வரும். முதலாளி வருஷா வருஷம் விலை பாத்து கம்பெனியை மாத்துவாரு, லிமிட்டை குறைப்பாரு, பெண்டாட்டி பிள்ளையை எடுத்துடுவாரு, உங்களை கேக்கணும்னு இல்ல. வேலையை விட்ட அன்னைக்கு கார்டும் போச்சு. 60ல ரிட்டயர் ஆகும்போது, சரியா உடம்பு கேக்குற வயசுல, கைல ஒண்ணும் இருக்காது.

இதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு, இதை நம்ம பக்கம் யாரும் அதிகம் பேசறதில்ல. 20, 30 வயசுல குரூப் கார்டு இருக்கறவங்க, தனியா சொந்தமா பெரிய டிடக்டிபிள் வச்ச ஒரு கார்டு எடுக்கலாம். முதல் பத்தாயிரமோ இருபதாயிரமோ குரூப் கார்டு கட்டும், அதுக்கு மேல போனா சொந்தக் கார்டு. பிரிமியம் நல்லா குறையும், உடம்பு நல்லா இருக்கும்போதே உள்ள போயிட்டோம். வேலையை விடும்போது டிடக்டிபிளை குறைக்க விடுவாங்களா, எந்த வயசுல, உடம்பு பாக்காமலான்னு மட்டும் வாங்கறப்பவே கேட்டுக்கணும். சில பிளான்ல இருக்கு, எல்லாத்துலயும் இல்ல.

நாலாவது, கார்டை விட்டுட்டு கவர்மெண்டை நம்பறது. இதை கேவலமா பேசறவங்களை எனக்குப் பிடிக்காது. கிளினிக்ல 1 வெள்ளி, ஸ்பெஷலிஸ்ட் பாக்க 5 வெள்ளி, மூணாம் கிளாஸ் வார்டு நாளைக்கு 3 வெள்ளி, நம்ம அப்பா அம்மாவை காப்பாத்துனது இதுதான், இப்பவும் பெரிய கேஸுன்னா இங்க இருந்து ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனூனுக்குத்தான் போறோம். அமெரிக்காக்காரன் ஹீடிஸ்ல அளக்கறானே, சுகர் கட்டுக்குள்ள இருக்கா, கண்ணு பாத்தாங்களா, காலு பாத்தாங்களான்னு, அந்த வேலையை நம்ம நாட்டுல செய்யறது கவர்மெண்ட் சுகாதார கிளினிக், கிளினிக் கெசிஹாத்தான். மூணு மாசத்துக்கு சுகர் சராசரியா எவ்வளவு இருந்துச்சுன்னு காட்டற எச்பிஏ1சி டெஸ்ட் அங்கதான் எடுக்கறாங்க. நம்ம மெடிக்கல் கார்டு பெரும்பாலும் படுக்கையில விழுந்தா மட்டும் காசு தரும், விழாம பாத்துக்கறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல, எத்தனை கஸ்டமருக்கு சுகர் கட்டுக்குள்ள இருக்குன்னு எந்த கம்பெனியையும் யாரும் கேட்டதா நான் பாத்ததில்ல. அதனால எவ்வளவு பெரிய கார்டு வச்சிருந்தாலும் கிளினிக் அப்பாயிண்ட்மெண்டை விடாதீங்க. 40 தாண்டின பி40 (வருமானத்துல கீழ இருக்குற 40%) குடும்பத்துக்கு பெக்கா பி40ங்கற அரசாங்கத் திட்டத்துல இலவச செக்கப்பும் இருக்கு.

கவர்மெண்ட் ஆஸ்பத்திரியை அளக்கவே இல்லன்னு நினைக்காதீங்க. சுகாதார அமைச்சு எச்பிஐஏன்னு ஆஸ்பத்திரிங்களுக்குன்னே பொறுப்பு காட்டற அளவுகோல் வச்சிருக்கு, பியாகாம் பெலாங்கன்னு (வாடிக்கையாளர் சாசனம்) சுவத்துல ஒட்டி வச்சிருக்கறதுல எத்தனை நிமிஷத்துல டாக்டரை பாக்கணும்னு இருக்கும், புகார்னா சிஸ்பான்னு ஆன்லைன்லயே போடலாம். குறை எங்கன்னா காத்திருக்கறது. உயிருக்கு ஆபத்துன்னா உடனே எடுத்துருவாங்க. முட்டி மாத்தறது, ஹெர்னியா, ஸ்கேன், இதுக்குத்தான் தேதி தள்ளித் தள்ளிப் போகும், கூலி வேலைக்குப் போறவருக்கு அந்தக் காத்திருப்புக்கும் ஒரு விலை இருக்கு. பிரிமியம் காசை சேத்து வச்சுக்கறேன்னு சொல்றவங்களுக்கு ஒரு கணக்கு, மாசம் 300ன்னா அஞ்சு வருஷத்துல 18,000, தனியார்ல ஒரு பைபாஸுக்கு அது பத்தாது. ஒரு ஸ்கேனை வெளில சீக்கிரம் எடுக்க, ஈப்போவுக்கு போய் வர, சம்பளம் இல்லாத மாசத்தை ஓட்ட, இதுக்கெல்லாம் அது தாராளம். அந்தக் காசு நிஜமாவே தனி அக்கவுண்ட்ல இருக்கணும், தீபாவளிக்கு காணாமப் போயிடக்கூடாது.

இப்ப யாருக்கு எதுன்னு என் அபிப்பிராயம். ஏற்கனவே சுகரோ இருதயமோ வந்துட்டவங்க, பழைய கார்டு உயிரோட இருந்தா எந்தக் காரணத்துக்கும் விடாதீங்க, கட்ட முடியலன்னா அதே கம்பெனிக்குள்ள டிடக்டிபிள் பிளானுக்கு இறங்குங்க. 60 தாண்டி பிள்ளைங்க காசுல கார்டு ஓடுதுன்னா, பிள்ளைங்க எத்தனை வருஷம் இந்த ஏத்தத்தை தாங்குவாங்கன்னு பாக்கணும். மூணு வருஷம் கட்டிட்டு 65ல விடறதுக்கு, இப்பவே சின்ன பிளானுக்கு இறங்கி 75 வரைக்கும் ஓட்டறது மேல். பிரிமியம் கட்டினா சமையல்ல கை வைக்கணும்னு இருக்குற குடும்பம், கவர்மெண்டும் சேமிப்பும் போதும், அதுல ஒரு வெக்கமும் இல்ல. அரசாங்கமும் பேங்க் நெகாராவும் சேந்து ஒரு அடிப்படை பிளான் கொண்டு வர்ற வேலையில இருக்காங்க, ஆஸ்பத்திரிக்கு நோய்க்கு இத்தனைன்னு ஒரே தொகையா கட்டற டிஆர்ஜி முறையும் அதோட சேத்துப் பேசறாங்க, நல்லபடியா வந்தா நமக்கு ஏத்ததா இருக்கலாம், ஆனா அது வருதுன்னு இருக்கறதை நிறுத்தாதீங்க.

எந்த கார்டா இருந்தாலும் ஏஜெண்ட்கிட்ட கேக்க வேண்டியது: இந்த பிளான் ஆரம்பிச்சதுல இருந்து எத்தனை தடவை பிரிமியம் ஏத்துனீங்க, எத்தனை சதவீதம், எனக்கு 50, 60, 70 வயசுல இன்னைக்கு ரேட்டுக்கு எவ்வளவு வரும். வயசுக்கு ஏத்த ரேட் டேபிள் அவர்கிட்ட இருக்கும், இல்லன்னு சொன்னா வேற ஏஜெண்டை பாருங்க. ஈப்போவுல எந்தெந்த ஆஸ்பத்திரி பேனல்ல, அதாவது இந்த கார்டை எடுத்துக்கற லிஸ்டுல, இருக்குன்னும் கேளுங்க, கோலாலம்பூர் லிஸ்டு நமக்கு எதுக்கு. ஜிஎல் பத்தி, அதாவது ஆஸ்பத்திரிக்கு கம்பெனி கொடுக்கற கேரண்டி லெட்டர், ஏஜெண்டை கேக்காதீங்க, அதே கார்டுல போன வருஷம் அட்மிட் ஆன ரெண்டு மூணு பேரை கேளுங்க: உள்ள போக எவ்வளவு நேரம் ஆச்சு, டிஸ்சார்ஜ் அன்னைக்கு ஃபைனல் லெட்டருக்கு எவ்வளவு நேரம் உக்காந்திருந்தீங்க, எந்த ஐட்டத்தை கம்பெனி கட்ட மாட்டேன்னுச்சு. ஸ்டார் ரேட்டிங் இல்லாத ஊர்ல இதுதான் நம்ம ரேட்டிங். பாலிசி கைக்கு வந்து 15 நாளுக்குள்ள வேணாம்னா திருப்பிக் கொடுக்கலாம், அந்த 15 நாள்ல விலக்குப் பட்டியலை, அதாவது எதுக்கெல்லாம் கட்ட மாட்டாங்கங்கறதை, மட்டுமாவது படிச்சிருங்க, மலாய்ல இங்கிலீஷ்ல இருக்கும், வீட்டுல படிக்கிற பிள்ளைங்களை உக்கார வச்சு படிக்கச் சொல்லுங்க.

தகராறு வந்தா எங்க போறதுன்னும் தெரிஞ்சு வச்சுக்கங்க. கம்பெனி கிளெய்மை மறுத்தா முதல்ல அவங்க புகார் பிரிவுக்கு எழுதி, கடைசி முடிவை எழுத்துல வாங்கணும். அது வந்த 6 மாசத்துக்குள்ள எஃப்எம்ஓஎஸ்னு இருக்குற ஒம்புட்ஸ்மென்கிட்ட, அதாவது இந்த மாதிரி தகராறை தீத்து வைக்கற அமைப்புகிட்ட, போகலாம், முன்னாடி ஓஎஃப்எஸ்னு இருந்தது, 2025 ஜனவரியில இருந்து இந்தப் பேரு. 250,000 வெள்ளி வரைக்கும் கேஸ் எடுப்பாங்க, நமக்கு செலவு இல்ல, வக்கீலும் வேணாம். தனியார் ஆஸ்பத்திரி பில்லு மேல சந்தேகம்னா ஐட்டம் ஐட்டமா பில்லு கேக்க நமக்கு உரிமை இருக்கு. டாக்டர் ஃபீஸுக்கு தனியார் ஆஸ்பத்திரிங்களுக்கான 1998 சட்டத்துக்கு கீழ வந்த விதிகள்ல உச்சவரம்பு இருக்கு, ஆனா ஆஸ்பத்திரி போடற மருந்து, கையுறை, ரூம், மெஷின் சார்ஜுக்கு அந்த மாதிரி வரம்பு இல்ல, பில்லு ஊதறது பெரும்பாலும் அங்கதான். அந்தப் புகார் சுகாதார அமைச்சுல தனியார் மருத்துவத்தை பாத்துக்கற சிகேஏபிஎஸ்க்கு போகணும்.

பிரிமியம் ஏத்துனது அநியாயம்னு எஃப்எம்ஓஎஸ் போனா எடுக்க மாட்டாங்க, விலை நிர்ணயம் அவங்க எல்லைக்கு வெளில. அந்த லெட்டரை எடுத்துக்கிட்டு நேரா பேங்க் நெகாராவுல பொதுமக்கள் புகாரை பாக்கற பிஎன்எம் லிங்க்குக்கு எழுதுங்க, பழைய பிரிமியம், புது பிரிமியம், மூணு வருஷத்துக்கு பரப்பினாங்களா இல்லையா, இந்த மூணையும் முதல் பாராவுலயே போட்டுடுங்க.